அடியில் எது சுழல்கிறது: ஜாஸ் ஆல்பங்களைக் கேட்கும் முறை

மும்பையில் ஷண்முகானந்தா சபாவில் இரண்டு களை ஆதி தாளத்தை ஒரு தட்டுகூடப் பிசகாமல் போடுகிறவர்களும், செம்பூர் ஃபைன் ஆர்ட்ஸில் தனி ஆவர்த்தனம் முடியும்வரை இருக்கையை விட்டு எழாதவர்களும், ஜாஸ் பற்றிப் பெரும்பாலும் சொல்வது ஒன்றுதான்: “ஆரம்பத்துல ஒரு மெட்டு வருது, நல்லாத்தான் இருக்கு. அப்புறம் ஆளாளுக்கு ஏதோ வாசிக்கிறாங்க. கடைசியில மறுபடி அதே மெட்டு.”

காதில் விழுந்தது சரிதான். விட்டுப்போனது ஒரே ஒரு விஷயம். நடுவில் அந்த மெட்டு நின்றுபோகவில்லை. மெட்டின் சுரங்கள் மட்டும் விலகிக்கொள்கின்றன. அதன் நீளமும், அதற்கு அடியில் ஓடிய கார்டுகளின் (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரக் கூட்டங்களின்) வரிசையும் அப்படியே திரும்பத் திரும்பச் சுழல்கின்றன. இந்த ஒரு சுற்றுக்கு ஜாஸ்காரர்கள் கோரஸ் என்கிறார்கள். சோலோ வாசிப்பவர் அந்தச் சுற்றின் மேல்தான் நடக்கிறார். எந்த ஆல்பமானாலும், எந்தக் காலத்ததானாலும், முதல் கேள்வி இதுதான்: அடியில் எது சுழல்கிறது? 1928-இல் ஒரு விடை, 1945-இல் ஒரு விடை, 1959-இல் ஒரே ஆண்டில் மூன்று நான்கு விடைகள். ஜாஸின் பாணி வித்தியாசங்களில் பாதி இந்த விடைகளின் வித்தியாசம்தான்.

தாளம் போடத் தெரிந்தவருக்கு இதில் பெரிய அனுகூலம் இருக்கிறது. பெரும்பாலான ஜாஸ் உருப்படிகளில் ஒரு பார் என்பது 4 எண்ணிக்கை. இரண்டு பார் சேர்ந்தால் ஒரு ஆதி தாள ஆவர்த்தனம். ஆகவே 12 பார் ப்ளூஸ் என்பது 6 ஆவர்த்தனம். ஏ-ஏ-பி-ஏ (ஒரு மெட்டு இரண்டு முறை, பிறகு வேறொன்று, மறுபடி முதல் மெட்டு) என்ற அமைப்பில் வரும் 32 பார் பாட்டு 16 ஆவர்த்தனம், நாலு நாலாக நான்கு பகுதி. எண்ணுவதற்கு ட்ரம்ஸைப் பிடிக்காதீர்கள். ட்ரம்ஸ் ஏமாற்றும். டபுள் பேஸை, அதாவது நிறுத்திவைத்து விரலால் மீட்டும் அந்தப் பெரிய தந்தி வாத்தியத்தைப் பிடியுங்கள். ஸ்விங் காலத்துக்குப் பிறகு பேஸ் வழக்கமாக எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடக்கிறது. ஒரு சுரத்துக்கு ஒரு அட்சரம்.

பழகுவதற்குச் சானி ராலின்ஸின் ‘சாக்ஸபோன் கொலாசஸ்’ ஆல்பத்தில் (1956) உள்ள ‘ப்ளூ செவன்’ போல வசதியானது இல்லை. தொடக்கத்தில் டக் வாட்கின்ஸின் பேஸ் தனியாக நடக்கிறது. கை வைத்து எண்ண இதைவிட நல்ல இடம் கிடையாது. 12 பார் ப்ளூஸின் எலும்புக்கூடு இது: முதல் இரண்டு ஆவர்த்தனம் சட்ஜத்தில்; மூன்றாவது மத்யமத்துக்குப் போகும்; நான்காவது திரும்பவும் சட்ஜம்; ஐந்தாவது பஞ்சமத்தில் ஏறி இறங்கும்; ஆறாவது சட்ஜத்தில் முடிந்து அடுத்த சுற்றுக்குத் தயாராகும். கலைஞர்கள் நடுவில் மாற்றுக் கார்டுகளைச் செருகுவார்கள். ஆனால் மூன்றாவது ஆவர்த்தனத்தில் மத்யமம் அநேகமாக எப்போதும் வரும். தொலைந்துபோனால் அதைக் காத்திருந்து பிடித்துக்கொள்ளலாம். கர்நாடக சங்கீதக் காதுக்கு இந்த ட்ராக்கில் இன்னொரு வசதியும் உண்டு. ராலின்ஸ் சின்னதாக ஒரு பிடியை எடுத்துக்கொண்டு, அதை நீட்டியும் குறுக்கியும் திருப்பிப் போட்டும் பல நிமிடம் வளர்க்கிறார். நிரவல் கேட்டுப் பழகியவருக்கு இது புரிய விளக்கம் தேவையில்லை.

எண்ணும்போது ஒரு சிக்கல் வரும். நம் கை இயல்பாக 1, 5, 7-இல் தட்டும். ஜாஸில் ஹை-ஹாட் சிம்பலின் ‘சிக்’ 2-இலும் 4-இலும் விழுகிறது. கை ஒன்றைத் தட்ட, காது இரண்டைக் கேட்க, ஓரிரு சுற்றில் தாளம் புரண்டுவிடும். வாயால் எண்ணிக்கொண்டு, கையை 2-க்கும் 4-க்கும் மட்டும் கொடுத்தால் சரியாகிவிடும். ஸ்விங் என்கிற அந்த ஊசலாட்டமும் நமக்கு அந்நியம் இல்லை. ஏறக்குறைய திஸ்ர நடை. த-கி-ட என்பதில் நடுவில் உள்ள ‘கி’யை விழுங்கிவிட்டு, ‘த… ட, த… ட’ என்று சொல்லிப் பாருங்கள். காலப்பிரமாணம் ஏற ஏற இந்த ஏற்றத்தாழ்வு குறைந்து, மிக வேகமான உருப்படிகளில் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதனால்தான் 1940-களின் வேகமான பாணியான பீபாப் ஆல்பங்களில் ஊசலைத் தேடினால் சிக்குவதில்லை.

மூன்று நிமிடக் காலம்

1948-இல் எல்.பி. தட்டு சந்தைக்கு வரும்வரை ஜாஸ் பதிவானது 78 வேகத் தட்டில். பத்து அங்குலத் தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்தை ஒட்டித்தான் கொள்ளும். ஆகவே லூயி ஆம்ஸ்ட்ராங்கின் 1920-களின் பதிவுகள் இன்று ஆல்பமாகக் கிடைத்தாலும், அவை ஆல்பமாக உருவானவை இல்லை. இருபது ட்ராக்கை வரிசையாக ஓடவிட்டால் எல்லாம் ஒன்றாகக் குழம்பும். ஒரு தடவைக்கு மூன்று நான்கு போதும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை.

1928 ஜூனில் பதிவான ‘வெஸ்ட் எண்ட் ப்ளூஸ்’ அந்த மூன்று நிமிடத்துக்குள் என்ன செய்ய முடியும் என்பதற்கு உதாரணம். தாளமே இல்லாமல் ட்ரம்பெட் தனியாக ஒரு பாய்ச்சல். பிறகு ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் 12 பார்: கோஷ்டியாக மெட்டு, ட்ராம்போன், கிளாரினெட் ஒரு வரி சொல்ல ஆம்ஸ்ட்ராங் சொல்லில்லாக் குரலில் பதில், எர்ல் ஹைன்ஸின் பியானோ, கடைசியாக மறுபடி ட்ரம்பெட். அந்தக் கடைசிச் சுற்றின் தொடக்கத்தில் ஆம்ஸ்ட்ராங் மேல் பஞ்சமத்தில் ஒரே சுரத்தை ஏறக்குறைய இரண்டு ஆவர்த்தனம் பிடித்து நிற்கிறார். அடியில் சுற்று நகர்ந்துகொண்டே இருப்பதால்தான் அந்த நிற்றலுக்கு அத்தனை வீரியம். எண்ணாமல் கேட்டால் அது வெறும் நீண்ட சுரம்.

பெரிய வாத்தியக் குழுக்களைக் கேட்பது வேறு பயிற்சி. டியூக் எலிங்டனின் 1940–42 காலக் குழுவில் ட்ரம்பெட் வரிசை, ட்ராம்போன் வரிசை, சாக்ஸபோன் வரிசை என்று மூன்று அணி. ஒரு கேட்புக்கு ஓர் அணியை மட்டும் பின்தொடருங்கள். ‘ஜோ நான்டன்’ என்ற ட்ராம்போன்காரரின் அழுகையும் கெஞ்சலுமான குரல், சிங்க் அடைப்பு எடுக்கும் ரப்பர் கிண்ணத்தைக் கருவியின் வாயில் மூடித் திறப்பதால் வருவது. எலிங்டன் கருவிக்கு எழுதியதைவிட ஆளுக்கு எழுதினார் என்று சொல்வார்கள். அந்தக் குழுவில் ஆள் மாறினால் அதே பாட்டின் நிறம் மாறிவிடுவதைப் பழைய, புதிய பதிவுகளை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் காது ஒப்புக்கொள்ளும்.

எலிங்டனின் 1956 நியூபோர்ட் கச்சேரி ஆல்பத்தை வாங்குகிறவர்கள் எந்தப் பதிப்பு என்று பார்க்க வேண்டும். அதில் பால் கொன்சால்வஸ் டெனர் சாக்ஸபோனில் 27 கோரஸ் தொடர்ந்து வாசிக்கிறார். நம் கணக்கில் 162 ஆவர்த்தனம். அவர் வாசித்தது பதிவுக் கம்பெனியின் மைக்கில் இல்லை. பக்கத்தில் நின்ற வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில். அதனால் பழைய எல்.பி.யில் அவர் தூரத்தில் கேட்பார். போதாததற்கு, கச்சேரியின் சில பகுதிகளை ஸ்டுடியோவில் மறுபடி வாசித்துக் கைதட்டலைச் சேர்த்திருந்தார்கள். வானொலியின் நாடா பிற்பாடு கிடைக்க, இரண்டு நாடாவையும் இணைத்து 1999-இல் முழுக் கச்சேரியையும் ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். கேட்க வேண்டியது இதுதான்.

சார்லி பார்க்கரின் 1940-களின் பதிவுகளுக்கு வேறு எச்சரிக்கை. ஸ்ட்ரீமிங்கிலும் சி.டி. பெட்டிகளிலும் ஒரே பாட்டின் மூன்று நான்கு டேக் (தனித்தனி வாசிப்பு) அடுத்தடுத்து இருக்கும். பாதியில் நின்றுபோனவைகூட இருக்கும். ஆய்வு செய்கிறவருக்கு அது பொக்கிஷம். புதிதாகக் கேட்பவர் வெளியீட்டுக்குத் தேர்வான மாஸ்டர் டேக்குகளை மட்டும் தேர்ந்து தனிப் பட்டியல் போட்டுக்கொள்ளாவிட்டால், இரண்டாம் நாளே பார்க்கரைக் கைவிட்டுவிடுவார். வேகம் தலைசுற்ற வைத்தால் இரண்டு சுரத்துக்கு ஒரு எண்ணிக்கையாக, பாதி வேகத்தில் தாளம் போடுங்கள். சுற்று பிடிபடும்.

1959

எல்லோரும் சிபாரிசு செய்கிற ஆல்பம் மைல்ஸ் டேவிஸின் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’. சிபாரிசு நியாயமானதே. ஆனால் காரணத்தைச் சொல்லாமல் கொடுப்பதால் பலரும் அதைச் சமையலறைப் பின்னணி இசையாக்கிவிடுகிறார்கள். அதன் முதல் ட்ராக்கான ‘ஸோ வாட்’டை எடுத்துக்கொள்வோம்.

பியானோவும் பேஸும் தாளமின்றித் தொடங்குகின்றன. பிறகு பேஸ் மெட்டைக் கேட்க, மற்றவர்கள் இரண்டே கார்டில் பதில் சொல்கிறார்கள். அமைப்பு 32 பார், அதாவது 16 ஆவர்த்தனம். முதல் 8 ஆவர்த்தனம் இரண்டு கட்டையில், கரகரப்ரியாவின் சுரங்கள். அடுத்த 4 ஆவர்த்தனத்துக்கு மொத்தக் கோஷ்டியும் இரண்டரைக் கட்டைக்கு ஏறுகிறது. சுரங்களின் அமைப்பு அதே கரகரப்ரியா. கடைசி 4 மறுபடி இரண்டு கட்டை. சுருதிப் பெட்டியையே நடுவில் அரைக் கட்டை தூக்கி இறக்குவது மாதிரி. சபாவில் இது நடந்தால் ரகளையாகிவிடும். இங்கே அதுதான் உருப்படியின் ஒரே திருப்பம். ஒரு சுற்று ஒரு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக ஓடும். ட்ரம்பெட்டில் டேவிஸ் இரண்டு சுற்று, டெனர் சாக்ஸபோனில் ஜான் கோல்ட்ரேன் இரண்டு, ஆல்ட்டோ சாக்ஸபோனில் கேனன்பால் ஆடர்லி இரண்டு, பியானோவில் பில் எவன்ஸ் ஒன்று. ஒவ்வொருவரும் அந்த அரைக் கட்டை ஏற்றத்தை எப்படிச் சந்திக்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். டேவிஸ் இடைவெளி விட்டு நடக்கிறார். கோல்ட்ரேன் இருக்கிற இடத்தையெல்லாம் நிரப்பப் பார்க்கிறார். கமகம் இல்லையே என்று தேட வேண்டாம். இங்கே சுரத்தின் உயிர் தாக்கும் விதத்திலும், மூச்சின் அளவிலும், எண்ணிக்கைக்குக் கொஞ்சம் பின்னால் விழுவதிலும் இருக்கிறது.

அதே ஆல்பத்தின் ‘ஃப்ரெடி ஃப்ரீலோடர்’ சாதாரண 12 பார் ப்ளூஸ் போலத் தெரியும். சோலோக்களில் ஆறாவது ஆவர்த்தனத்தைக் கவனியுங்கள். சட்ஜத்தில் இளைப்பாற வேண்டிய இடத்தில் கார்டு கைசிகி நிஷாதத்துக்கு இறங்கிவிடுகிறது. சுற்று முடிந்தும் முடியாத உணர்வு அதனால் வருகிறது.

‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வின் இரண்டாவது பதிவு நாள் ஏப்ரல் 22. இரண்டு வாரம் கழித்து மே மாதத் தொடக்கத்தில் அதே கோல்ட்ரேன் தன் பெயரில் ‘ஜயன்ட் ஸ்டெப்ஸ்’ பதிவு செய்தார். அங்கே விடை நேர் எதிர். தலைப்பு உருப்படி 16 பார்தான். ஒரு சுற்று ஏறக்குறைய 13 வினாடியில் முடிந்துவிடும். ஆனால் அதற்குள் ஆதார சுருதி ஏழு கட்டை, ஐந்து கட்டை, இரண்டரைக் கட்டை என்று மூன்று இடத்துக்குத் தாவிக்கொண்டே இருக்கிறது. பியானோக்காரர் டாமி ஃப்ளானகன் நல்ல தேர்ச்சியுள்ளவர். அவர் சோலோ அங்கங்கே தடுக்குவது இன்றைக்கும் தெளிவாகக் கேட்கும். தடுக்கலை வெட்டாமல் வெளியிட்டது நமக்கு லாபம்: அந்தப் பாதை எத்தனை செங்குத்து என்பதைக் கோல்ட்ரேனின் சரளம் மறைத்துவிடுகிறது, ஃப்ளானகன் காட்டிக்கொடுத்துவிடுகிறார்.

டேவ் ப்ரூபெக்கின் ‘டைம் அவுட்’டும் 1959 பதிவு. முந்தைய ஆண்டு அமெரிக்க வெளியுறவுத் துறை அனுப்பிய பயணத்தில் துருக்கி வழியாக வந்து பம்பாயிலும் வாசித்துவிட்டுப் போனவர். இஸ்தான்புல் தெருவில் கேட்ட தாளம் ‘ப்ளூ ராண்டோ’ ஆனது. 9 எண்ணிக்கை என்றதும் சங்கீர்ணத்தை 4+5 ஆகப் போட்டால் இடிக்கும். த-க, த-க, த-க, த-கி-ட என்று 2+2+2+3 ஆக மூன்று முறை. நாலாவது முறை மூன்று த-கி-ட. சோலோ வரும்போது சத்தமில்லாமல் 12 பார் ப்ளூஸுக்கு மாறிவிடுகிறார்கள். பால் டெஸ்மண்ட் எழுதிய ‘டேக் ஃபைவ்’வைக் கண்ட சாபு என்று பலர் சொல்வார்கள். சாபு 2+3, இது 3+2. கையில் போட்டுப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். சோலோ நேரத்தில் அடியில் சுழல்வது மெட்டின் முழு நீளம் அல்ல, பியானோவின் அந்த ஐந்து எண்ணிக்கைப் பிடி மட்டுமே. ஜோ மொரெல்லோ ட்ரம்ஸில் எங்கெங்கோ போகும்போதும் ப்ரூபெக் அதை விடுவதில்லை.

அதே ஆண்டு ஆர்னெட் கோல்மன் சுற்றையே எடுத்துவிட்டார். ‘தி ஷேப் ஆஃப் ஜாஸ் டு கம்’ ஆல்பத்தில் பியானோ கிடையாது, ஆகவே கார்டைச் சொல்லிக்கொடுக்க ஆளும் கிடையாது. ‘லோன்லி வுமன்’ உருப்படியில் ட்ரம்ஸ் வேகமாக ஓடுகிறது. மேலே இரண்டு ஊதுகருவியும் வேறொரு காலத்தில், துக்க வீட்டு மெதுவில் வருகின்றன. இங்கே எண்ணிக்கொண்டிருந்தால் எரிச்சல்தான் மிஞ்சும். சார்லி ஹேடனின் பேஸ் எந்தச் சுரத்தில் ஊன்றுகிறது, கோல்மன் அதை விட்டு எவ்வளவு தூரம் போகிறார் என்று கேட்கலாம்.

ஒற்றைக் காதும் சின்ன ஸ்பீக்கரும்

தாதர் பிளாட்ஃபாரத்தில் அறிவிப்பு காதில் விழ வேண்டுமே என்று ஒரு இயர்பட்டை மட்டும் மாட்டிக்கொண்டு கேட்கிறவர்கள் மும்பையில் ஏராளம். மற்ற இசையில் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. 1950-களின் இறுதியிலிருந்து 60-களின் நடுப்பகுதிவரை வந்த ஜாஸ் ஸ்டீரியோ பதிவுகளில் நஷ்டம் பாதிக்குப் பாதி. அன்றைய கலவையில் ஒரு கருவியை முழுக்க இடப்பக்கம், இன்னொன்றை முழுக்க வலப்பக்கம் தள்ளிவிடுவது சகஜம். உச்சக்கட்ட உதாரணம் கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’. 37 நிமிடம், எட்டுப் பேர், இரண்டு நால்வர் குழு, பக்கத்துக்கு ஒன்று. இடது காதில் மட்டும் கேட்டால் எரிக் டால்ஃபியும் ஃப்ரெடி ஹப்பர்டும் இருந்த சுவடே தெரியாது. வெளியில் ஒரு காதுதான் கொடுக்க முடியும் என்றால் போனின் செட்டிங்ஸில் மோனோ ஆடியோவைப் போட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து வரும். அல்லது ‘ஃப்ரீ ஜாஸ்’ஸை வேண்டுமென்றே முதலில் இடது, பிறகு வலது, பிறகு இரண்டும் என்று மூன்று தடவையாகக் கேளுங்கள், குழப்பம் என்று தோன்றியது இரண்டு தெளிவான உரையாடலாகப் பிரியும்.

போன் ஸ்பீக்கரில் ஜாஸ் கேட்பதை நிறுத்திவிடலாம். டபுள் பேஸின் கீழ்த் தந்தி 41 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. போன் ஸ்பீக்கருக்கு அந்த வட்டாரமே கிடையாது. எண்ணிக்கையைச் சொல்லும் கருவி காணாமல் போனபின் மேலே கேட்பது சிம்பலும் ஊதலும்தான். பில் எவன்ஸ் மூவர் குழு 1961 ஜூன் 25-இல் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்ட் கிளப்பில் வாசித்ததிலிருந்து இரண்டு ஆல்பம் வந்தன. அதில் ஸ்காட் லஃபாரோவின் பேஸ் எண்ணிக்கைக்கு ஒரு சுரமாக நடப்பதில்லை. பியானோவோடு வாக்குவாதம் பண்ணுகிறது. தாளத்தை மூவரில் யாருமே வெளிப்படையாகச் சொல்வதில்லை. மூவர் மனத்திலும் ஓடுகிறது. லஃபாரோ பதினோரு நாள் கழித்துக் கார் விபத்தில் இறந்துபோனார். இந்த ஆல்பங்களுக்கு நல்ல ஹெட்ஃபோன், ராத்திரி பத்து மணிக்கு மேல், மின்விசிறி குறைந்த வேகத்தில். கிளாஸ்கள் மோதும் சத்தம் கேட்கிறதென்றால் உங்கள் ஏற்பாடு சரி.

ஸ்ட்ரீமிங்கில் மூன்று விஷயம் கெடுக்கும். ஷஃபிள். மறுவெளியீட்டு ஆண்டையே ஆல்பத்தின் ஆண்டாகக் காட்டுவது. கடைசியில் ஒட்டிய கூடுதல் ட்ராக்குகள். ‘எ லவ் சுப்ரீம்’ 33 நிமிட ஆல்பம், நான்கு பாகம், ஒரே மூச்சில் கேட்கவென்று அமைந்தது. பெரிய பதிப்புகளில் 1965-இன் ஆன்டிப் கச்சேரியும் பின்னால் வரும். முதல் தடவை நான்காம் பாகத்தோடு நிறுத்துங்கள். அந்த நான்காம் பாகத்தில் தாளச் சுற்று இல்லை. கோல்ட்ரேன் தான் எழுதிய பிரார்த்தனைக் கவிதையைச் சாக்ஸபோனில் அசை அசையாகச் சொல்கிறார். கவிதை ஆல்பத்தின் உறையில் அச்சாகியிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால் எந்த அசை எந்தச் சுரத்தில் விழுகிறது என்று தொடர முடியும். விருத்தம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, இந்த ஆல்பத்தில் மற்றவர்கள் திணறும் இடமே வீட்டு வாசல்.

யார் வாசித்தார்கள் என்ற விவரம் ஸ்ட்ரீமிங் செயலிகளில் பெரும்பாலும் அரைகுறை. அதைத் தேடி எடுத்துவிட்டுத்தான் ப்ளேயைத் தொட வேண்டும். ஜாஸில் ஆல்பத்தின் பெயரைவிட அந்த ஐந்தாறு பேரின் பட்டியல் அதிகம் சொல்லும். ஆர்ட் ப்ளேக்கியின் ‘மோனின்’ (1958) பிடித்திருந்தால், அடுத்துத் தேட வேண்டியது ‘அதே மாதிரி இசை’ என்று செயலி நீட்டுவதை அல்ல. அதில் ட்ரம்பெட் வாசித்த லீ மார்கன் வேறெங்கே இருக்கிறார், மெட்டெழுதிய பியானோக்காரர் பாபி டிமன்ஸ் யாரோடு வாசித்தார் என்பதை.

1969-க்கு வந்தால் சுழல்வது நாடாவே. டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’யில், இரண்டாம் பக்கத்தின் முதல் நான்கு நிமிடமும் கடைசி நான்கு நிமிடமும் ஒரே வாசிப்பு. தயாரிப்பாளர் டியோ மசேரோ நாடாவைப் பிரதியெடுத்துக் கடைசியில் ஒட்டினார். இதைத் தெரிந்துகொண்டு கேட்டாலும் ஒட்டு அசிங்கமாகத் தெரியாது. நடுவில் நடந்ததைக் கேட்டபின் அதே சுரங்கள் வேறு எடையில் வருகின்றன.

நம்மவர்களும் பம்பாயும்

அதே ‘இன் எ சைலன்ட் வே’யில் கிட்டார் வாசித்த ஜான் மெக்லாக்ளின்தான் பிறகு ‘ஷக்தி’யைத் தொடங்கினார். முதல் ஆல்பம் 1975 ஜூலையில் மேடையில் பதிவானது: எல். ஷங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விநாயக்ராம் கடம், ஆர். ராகவன் மிருதங்கம். அந்த வரிசையின் பிந்தைய ஆல்பமான ‘சாட்டர்டே நைட் இன் பாம்பே’ இந்த ஊர்க் கச்சேரிகளிலிருந்து 2001-இல் வந்தது. செம்பூரில் வளர்ந்த ஷங்கர் மகாதேவனும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் இடம்பெற்ற ‘திஸ் மொமென்ட்’ 2024-இல் கிராமி வாங்கியது. மும்பைத் தமிழர் வீடுகளில் ஜாஸ் பேச்சு பெரும்பாலும் இங்கேதான் தொடங்கும்.

இங்கே தொடங்காதீர்கள் என்பதே நம் யோசனை. ஆல்பங்களில் குறை ஒன்றும் இல்லை. ‘ஷக்தி’ கார்டு சுற்றைக் கீழே வைத்துவிட்டு ராகத்துக்கும் கோர்வைக்கும் வந்துவிட்ட இசை. ஏற்கெனவே தெரிந்ததைத்தான் அது நமக்குத் தரும். தெரியாததை, அதாவது அடியில் நகரும் கார்டை, அது கற்றுத்தராது. அதற்கு ருத்ரேஷ் மகந்தப்பா, கத்ரி கோபால்நாத்தோடு சேர்ந்து செய்த ‘கின்ஸ்மென்’ (2008) பரவாயில்லை. ஒரே ஆல்ட்டோ சாக்ஸபோனை இரண்டு பேர் எப்படி வேறு வேறு கருவியாக்குகிறார்கள் என்பது அருகருகே தெரியும். தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோக்காரர் விஜய் அய்யர், கிட்டார் பிரசன்னாவோடும் தபலா நிதின் மிட்டாவோடும் செய்த ‘தீர்த்தா’ (2011) இன்னும் நுட்பம்.

எலிங்டன் 1963-இல் இந்தியாவில் பம்பாய், மெட்ராஸ் உட்படப் பல ஊர்களில் வாசித்தார். கென்னடி கொல்லப்பட்டதால் பயணம் நடுவிலேயே முடிந்தது. மூன்றாண்டு கழித்துப் பதிவான ‘ஃபார் ஈஸ்ட் சூட்’டில் சிதாரும் இல்லை, தபலாவும் இல்லை. ‘ப்ளூபேர்ட் ஆஃப் டெல்லி’யில் ஒரு மைனாவின் கூவலைக் கிளாரினெட் திரும்பத் திரும்பச் சொல்கிறது, குழு அதைச் சுற்றி எலிங்டன் இசையையே வாசிக்கிறது. இந்திய நிறம் பூசிய ஜாஸ் ஆல்பங்கள் பல இருக்க, எதையும் பூசாத இது இன்றும் பழசாகவில்லை.

பம்பாயின் தொடர்பு அதற்கெல்லாம் முந்தையது. 1935-இல் லியான் ஆபியின் கறுப்பினக் குழு தாஜ் ஓட்டலில் வாசித்தது. பிறகு கிரிக்கெட் ஸ்மித், டெடி வெதர்ஃபோர்ட் என்ற ஜாஸ் கலைஞர்கள் வாசித்தார்கள். அவர்களிடம் கற்ற கோவா வாத்தியக்காரர்கள் இந்தித் திரையிசையின் பிராஸ் வரிசையானார்கள். சானி ராலின்ஸ் 1960-களின் இறுதியில் போவாயில் சின்மயானந்தரின் ஆசிரமத்தில் தங்கினார்; 1978-இல் ரங் பவனில் நடந்த முதல் ஜாஸ் யாத்ராவில் வாசிக்கத் திரும்பி வந்தார்.

தட்டு வாங்குகிறவர்களுக்கு

காலா கோடாவின் ரிதம் ஹவுஸ் 2016-இல் மூடிய பிறகு பழைய தட்டுக்குச் சோர் பஜாரின் மட்டன் ஸ்ட்ரீட்தான் பலருக்கும் கதி. அங்கே கீறலைவிடப் பூஞ்சணத்துக்குத்தான் பயப்பட வேண்டும். நாலு மழைக்காலம் பரணில் கிடந்த தட்டில் வெண்புள்ளியாகப் படிந்திருக்கும். ஓடவிட்டால் பொரிகிற சத்தம். எல்.பி.யை வடிநீரில் பாத்திரச் சோப்பு இரண்டு சொட்டு விட்டு, மென்தூரிகையால் பள்ளத்தின் போக்கிலேயே தேய்த்து, வெறும் வடிநீரில் அலசி, நிறுத்திக் காயவையுங்கள். லேபிள் நனையக் கூடாது. பழைய காகித உள்ளுறையைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும். பூஞ்சணம் அதிலிருந்துதான் திரும்ப ஏறும். 78 வேகத் தட்டில் ஆல்கஹால் கலந்த திரவம் எதுவும் படக் கூடாது. அது அரக்கு, கரைந்துவிடும். அதற்கு ஊசியும் வேறு: எல்.பி. ஊசியைப் போட்டால் அகலப் பள்ளத்தின் அடியில் உரசி இரைச்சலைத்தான் எடுக்கும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய டர்ன்டேபிளில் இன்னொரு வில்லங்கம். ட்ரான்ஸ்ஃபார்மர் போட்டு 230 வோல்ட்டை 110 ஆக்கிவிடலாம், ஆனால் மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் 60 ஆகாது. ஏ.சி. சிங்க்ரனஸ் மோட்டார் உள்ளதென்றால் 33⅓ சுற்று ஏறக்குறைய 27.8 ஆகிவிடும், சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கும். 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி மாற்ற வேண்டும். டி.சி. மோட்டார் உள்ளவற்றுக்கு இந்தத் தொல்லை இல்லை.

வேகம் சரியா என்று பார்க்கச் சுருதிப் பெட்டியே போதும். ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’வில் இரண்டாம் பக்கத்தின் ‘ஆல் ப்ளூஸ்’ ஐந்து கட்டையில் நிற்க வேண்டும். ‘ஸோ வாட்’டை வைத்துப் பார்க்காதீர்கள். முதல் பக்கத்தின் மூன்று உருப்படியும் பதிவான நாளில் நாடா இயந்திரம் மெதுவாக ஓடியதால், 1990-களில் திருத்தும்வரை வந்த பதிப்புகளில் அவை சற்றே சுருதி தூக்கி ஒலிக்கும். பழைய பதிப்பில் ‘ஸோ வாட்’ இரண்டு கட்டைக்குக் கொஞ்சம் மேலேயும், ‘ஆல் ப்ளூஸ்’ சரியாக ஐந்திலும் நின்றால், உங்கள் டர்ன்டேபிள் சரியாகத்தான் ஓடுகிறது.